எறும்பு தாண்டிப்போன வெல்லம்

காலைக் கொஞ்சம் ஒதுக்கிக்குங்க. மூட்டை உங்களுதா? இருக்கட்டும், இருக்கட்டும். கண்டக்டர் கேட்டால் தலையணை என்று சொல்லிவிடலாம். வெள்ளைச் சாக்கு, மேலே கை வைத்தால் ஜில்லென்று இருக்கிறது. யூரியா. எனக்குத் தெரியாதுங்களா? நான் யூரியாவோடு ஒரு வருஷம் குடும்பமே நடத்தினவன்.

எதுக்குங்க, மக்காச்சோளத்துக்கா? போடுங்க, போடுங்க. நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். எனக்கு நாலு பேர் சொன்னார்கள், நான் கேட்டேனா?

இந்தத் தூக்குப்போசிப் பாத்திரம் மட்டும் என் மடியிலேயே இருக்கட்டும். உங்களிடம் எனக்கு ஒரு உதவி ஆகணும். இப்போது இல்லை. தாராபுரம் போய்ச் சேர இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது, இறங்குவதற்கு முன்னால் கேட்கிறேன். அதற்கு முன்னால், முகம் தெரியாத உங்களிடம் ஏன் கேட்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவனுக்கு ஒரு மாதிரி என்று நினைத்து அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடுவீங்க.

என் பேர் நாச்சிமுத்து. பழனிக்கு இந்தப் பக்கம், கல்லாங்காட்டுப்புதூர். ரெண்டு ஏக்கரில் கரும்பு. மில்லுக்குக் கொடுப்பதில்லை, ஊரிலேயே ஆலை போட்டு வெல்லம் காய்ச்சுகிறோம். வெல்லக்காரன் வீட்டில் பொங்கலுக்கு வெல்லத்துக்கா பஞ்சம் என்று கேட்பீங்க. அங்கேதாங்க என் வயிற்றெரிச்சலே.

என் வீட்டுக்காரி பாவாயி. அவளுக்கு ஒரே அண்ணன், வையாபுரி. எனக்கு மச்சான். அவர் தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் நடுவில் ஒரு வரப்புதான். ஒரே மண். ஒரே கிணறு, முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறோம். விதைக்கரணைகூட ஒரே இடத்தில்தான் வாங்குகிறோம். தைப்பொங்கலுக்கு முந்தின நாள் மச்சான் தங்கச்சிக்குச் சீர் கொண்டுவருவார். பச்சரிசி, மஞ்சள் கொத்து, ஒரு கட்டுக் கரும்பு, ஒரு கூடை உருண்டை வெல்லம். பாவாயி அந்தக் கூடையை வாங்குகிற அழகைப் பார்க்கணும். என்னைக் கல்யாணத்தில் பார்த்தபோதுகூட அவள் முகம் அப்படி இருந்ததில்லை.

மறுநாள் காலையில் என் வாசலில், என் பானையில், நான் பிளந்த விறகில், மச்சான் வெல்லம் பொங்கும். முப்பத்தொரு வருஷம். என் வெல்லம் சாளைக்குள்ளே, அந்தத் தோட்டத்துக் கொட்டகையில், மூட்டை மூட்டையாக உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும்.

"ஏன் பாவாயி, நம்ம வெல்லம் இருக்குதே" என்பேன்.

"அண்ணன் சீர் கொண்டாந்திருக்குது. சீரைப் போடாம வெக்கலாமுங்களா?"

"சீர்ல அரிசியும்தான் இருக்குது. அரிசி மட்டும் நம்முளுதைப் போடறயே."

அவள் கொஞ்ச நேரம் அரிசியைப் பார்ப்பாள். அப்புறம், "மாட்டுக் கொம்புக்கு இன்னும் பெயிண்டு அடிக்கலையா நீங்க?" என்பாள். நானும் பெயிண்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் வீட்டில் மாட்டுக்கொம்பு எப்போதும் பளபளப்பாக இருக்கும்ங்க.

உங்களிடம் ஒரு ரகசியம் சொல்கிறேன். எனக்கு நாக்கு கிடையாது. இருக்கிறது, இதோ பாருங்க, ஆனால் செத்து இருபது வருஷம் ஆகிறது. புகையிலை. பாயசமும் மிளகாய்ச் சட்னியும் எனக்கு ஒன்றுதான். ஒன்றைத் தின்றால் கண்ணில் தண்ணீர் வரும், இன்னொன்றைத் தின்றால் வராது, அதை வைத்து அடையாளம் கண்டுகொள்வேன். வெல்லம் விளைவிக்கிறவனுக்கு ருசி தெரியாது என்றால் ஊர் சிரிக்குமில்லையா, அதனால் வெளியே விட்டதில்லை. பாவாயிக்கே தெரியாது. நல்லவேளை, அவளுக்கு ஒரு பழக்கம். சோறு போடும்போது, "ரசம் இன்னிக்குப் புளிப்பு ஜாஸ்தி", "இந்தப் பொரியல் காரமுங்க, பாத்து" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லித்தான் வைப்பாள். நானும் ஒரு வாய் தின்றுவிட்டு, "ஆமாமா, புளிப்பு தூக்கல்தான்" என்று சமாளித்துவிடுவேன். இருபது வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவள் கொஞ்சம் வெகுளி.

ஆகவே வெல்லத்தைப் பொறுத்தவரை எனக்குக் கண்தான் நாக்கு. கரும்பு உயரமா, பச்சையா, கனமா. இந்த மூன்றும் இருந்தால் வெல்லம் தானாக வரும் என்பது என் சாஸ்திரம். போன பொங்கலுக்கும் முந்தின தையில், மாட்டுக் கொம்புக்குப் பெயிண்டு அடித்துக்கொண்டே முடிவு செய்தேன். வருகிற பொங்கலுக்கு என் வெல்லம்தான் அந்தப் பானையில் விழணும். அதுவும் பாவாயி கையால் விழணும்.

மாசியில் கரும்பு நட்டோம். மச்சான் நடுவதற்கு முன்னால் பத்து நாள் ஆட்டுப்பட்டி போட்டிருந்தார். இருநூறு ஆட்டைக் கொண்டுவந்து நடப்போகிற காட்டில் அடைத்து, இன்றைக்கு இந்த மூலை, நாளைக்கு அந்த மூலை என்று மாற்றி மாற்றிப் படுக்கவைப்பது. அப்புறம் வீட்டு எருக்குழியைச் சுரண்டி, மக்கின சாணியை வண்டி வண்டியாகக் கொட்டினார். வரப்புக்கு அந்தப் பக்கம் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடியும். என் பக்கம் ஆஸ்பத்திரி மாதிரி சுத்தமாக இருந்தது. நான் நேராக உரக்கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனுஷன். "முப்பதாம் நாள், அறுபதாம் நாள், தொண்ணூறாம் நாள், மூணு தவணை யூரியா. தொண்ணூறோட நிறுத்திருங்க" என்றார். நான் சிரித்தேன். "தொண்ணூறாம் நாளோட பிள்ளைக்கு யாராச்சும் சோத்தை நிறுத்துவாங்களா?" என்று கேட்டேன். கடையில் நின்ற ரெண்டு பேரும் சிரித்தார்கள். என்னோடு சேர்ந்து சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்.

ஒவ்வொரு தவணையிலும் அவர் சொன்னதற்கு ஒன்றரைப் பங்கு. தொண்ணூறுக்கு அப்புறம் மாதாமாதம். கடையில் பொட்டாஷ் உப்பு செக்கச்செவேலென்று இருந்தது. வெல்லத்துக்கு நல்ல நிறம் கொடுக்கும் போல என்று அதையும் அள்ளி வீசினேன். இதெல்லாம் என் சொந்த ஆராய்ச்சிங்க, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

கரும்பு வந்தது பாருங்க. ஆடியில் என் தலையைத் தாண்டியது. ஆவணியில் மோட்டார் ரூமைத் தாண்டியது. புரட்டாசியில் கரண்ட் ஆபீஸ் ஆள் வந்து, கம்பியை இன்னும் நாலடி தூக்கிக் கட்டணுமா என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார். உள்ளே நுழைந்தால் உச்சி வெயிலில் டார்ச் வேணும். எங்கள் எருமை ஒன்று உள்ளே போய் வழி தெரியாமல் திரிந்து, வெளியே வரும்போது கன்றோடு வந்தது. பாதி பொய்தான். எந்தப் பாதி என்று கேட்காதீங்க.

பச்சை என்றால் கண்ணைக் குத்துகிற பச்சை. கிளி வந்து உட்கார்ந்தால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. மச்சான் கரும்பு அதன் இடுப்பு உயரத்தில், ஏதோ வேண்டுதலுக்கு நட்ட மாதிரி நின்றது. நான் தினமும் சாயங்காலம் வரப்பில் உட்கார்ந்து, இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை. சினிமா தோற்றது போங்க.

ஒருநாள் மச்சான் வந்து பக்கத்தில் நின்றார்.

"மாப்ள, பச்சை கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குதுங்களே."

"கண்ணு வெக்காதீங்க மச்சான்."

"கண்ணு வெக்கலீங்க. இத்தோட உரத்தை நிறுத்திக்கலாமேன்னு பாத்தேன்."

"உங்க கரும்பையும் கொஞ்சம் பாருங்க மச்சான், பாவம், நெனைச்சாலே எனக்குச் சங்கடமா இருக்குது."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். நான் மறுநாளே ஒரு பானைக்குக் கரியைப் பூசிச் சுண்ணாம்புப் பொட்டு வைத்து, அவர் காட்டைப் பார்த்தாற்போல் கழியில் கட்டினேன். திருஷ்டிக்கு.

ஐப்பசி மழையில் என் கரும்பு மொத்தமும் படுத்துவிட்டது. மச்சானுது நின்றது. பார்க்க வந்தவர்கள் உச்சுக்கொட்டினார்கள். "பாரம் தாங்காமப் படுத்திருக்குது. பாரம்னா என்ன, உள்ள இருக்கற வெல்லந்தானே" என்றேன். நாலு நாலு கரும்பாகச் சேர்த்து, சோகை இலையை முறுக்கிக் கட்டித் தூக்கி நிறுத்தினோம். ரெண்டு ஏக்கர். பாவாயியும் வந்து கட்டினாள். சோகை கிழித்துக் கையெல்லாம் கீறல். ஒரு கரும்பை ஒடித்துக் கடித்துப் பார்த்தாள், துப்பினாள், கட்டுவதைத் தொடர்ந்தாள். வெற்றிலை எச்சில் போல என்று நினைத்தேன். அவளுக்கு வெற்றிலைப் பழக்கம் கிடையாது, இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

கார்த்திகையில்தான் நான் பண்ணின பெரிய காரியம். கரும்புக்கு வெளிர் மஞ்சள் ஓட ஆரம்பித்தது. மச்சான் கரும்புக்கும்தான். அவர் அதைப் பார்த்துவிட்டு ஆலைக்காரரிடம் நாள் கேட்கப் போனார். நான் அதைப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போனேன். மஞ்சள் ஓடினால் சீக்கு என்று நினைத்தேனே தவிர, கரும்பு வளர்கிற வேலையை விட்டுவிட்டு இனிப்புச் சேர்க்கிற வேலையில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குப் படவில்லை. ரெண்டு மூட்டை யூரியாவை வீசித் தண்ணீர் கட்டினேன். பத்தே நாள். கிழவன் தலைக்கு மை அடித்த மாதிரி மறுபடியும் பச்சை. எனக்கு என்ன பெருமை. போய்ச் சேருகிற வயசில் மறுபடி இளந்தாரி ஆக்கிவிட்டேன் அதை.

மார்கழிக் கடைசியில் ஆலை போட்டோம். பாகு காய்ச்சுகிறவர் மாரப்பன். நாற்பது வருஷமாகக் கொப்பரைப் பக்கத்தில் நின்று நின்று, அவர் முகமே வெல்லம் மாதிரி ஆகிவிட்டது. முதலில் மச்சானுது. வண்டி குறைவு, சாறு குறைவு, ஆனால் காய்ச்சி மரத்தொட்டியில் கொட்டினதும் பாகு சொன்ன பேச்சைக் கேட்டது. உருட்டி வைத்தால் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தது. பொன் நிறம்.

அடுத்தது என்னுது. வண்டி மேல் வண்டி. ஆலை முக்கியது. சாறு என்றால் வாய்க்கால் மாதிரி. "பாத்துக்கங்க மாரப்பா, கொப்பரை பத்தாது" என்றேன். பத்தவில்லைதான். ஆனால் காய்ச்சினோம், காய்ச்சினோம், காய்ச்சிக்கொண்டே இருந்தோம். மச்சான் சாறு ஆன நேரத்தைப்போல் ரெண்டு மடங்கு ஆகியும் பதம் வரவில்லை. அடுப்புக்குச் சக்கை தீர்ந்துபோய் என் வீட்டு வேலிப் படலைப் பிடுங்கி வைத்தோம். மாரப்பன் ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். கெட்டியாகி உருளணும். அது கரைந்து ஓடிவிடும். மறுபடியும் விடுவார். மறுபடியும் ஓடும். மாரப்பன் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

"காட்டுக்கு என்னங்க போட்டீங்க?"

"எல்லாரும் போடறதைத்தான் போட்டேன்."

"எல்லாருதையும் சேத்து நீங்களே போட்டாப்பல இருக்குதுங்களே."

கடைசியில் கொட்டினோம். தார் நிறம். உருண்டை பிடித்து வைத்துவிட்டுத் திரும்பினால் அது தோசையாகப் படுத்திருக்கிறது. தோசையைச் சுரண்டி உருட்டினால் மறுபடியும் தோசை. ஒரு உருண்டை பலகையிலிருந்து இறங்கி மெள்ள மெள்ள நடந்து மச்சான் வெல்லக் குவியல் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நான்தான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டு வந்தேன். ரெண்டு ஏக்கர் வெல்லமும் அந்த வருஷம் டப்பாவிலும் குடத்திலும்தான் வீட்டுக்கு வந்தது.

இத்தனைக்கு அப்புறமும் எனக்குப் புத்தி வந்ததா? உருவம்தான் சரியில்லை, ருசி பிரமாதமாக இருக்கும் என்று நானே சொல்லிக்கொண்டேன். சின்ன விரலால் தொட்டு நக்கியும் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வரவில்லை. சரி, இனிப்புதான் என்று முடிவு செய்தேன்.

பொங்கலுக்கு முந்தின நாள் சீர் வந்தது. பாவாயி பால் கறக்கப் போன நேரத்தில், நான் அந்த வெல்லத்தைக் கூடையோடு தூக்கி ஒரு காலி யூரியா சாக்கில் போட்டு, சமையலறை அட்டாலியில், அந்தப் பரண் மேலே, பழைய சாமான்களுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். அறுபத்தேழு வயசில் ஏணி ஏறித் திருடினேன், அதுவும் என் வீட்டிலேயே.

காலையில் பானை ஏற்றி, பால் பொங்கி, அரிசி வெந்து, பாவாயி வெல்லம் தேடினாள்.

"ஏனுங்க, அண்ணன் கொண்டாந்த வெல்லத்தைக் கண்டீங்களா?"

"எலி தூக்கிட்டுப் போயிருக்கும்."

"கூடையோடயா?"

"பெரிய எலி."

அவள் என்னைப் பார்த்தாள். அண்ணன் குடும்பம் வந்து வாசலில் உட்கார்ந்திருந்தது, என் மகன் தண்டபாணி வந்திருந்தான். அவள் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இதே போசியை, இதோ என் மடியில் இருக்கிறதே, இதைத் திறந்தாள். வெல்லத்தை உடைத்துத்தானே போடுவார்கள்? அவள் ஊற்றினாள். முப்பத்தொரு வருஷத்துக்கு அப்புறம் என் வெல்லம் பானைக்குள்ளே போனது. எனக்குக் கண் கலங்கிவிட்டதுங்க. புகை.

இலை போட்டுப் பரிமாறினாள். அன்றைக்கு எனக்கு வைக்கும்போது மட்டும், இது இப்படி, அது அப்படி என்று ஒன்றுமே சொல்லவில்லை. நான் கவனித்தேன். அவசரத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

எல்லோரும் ஒரு வாய் வைத்தார்கள். சத்தமே இல்லை. ருசியில் ஊமையாகிவிட்டார்கள் என்று நினைத்தேன். தண்டபாணி எழுந்துபோய் ரெண்டு செம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்தான். நல்ல இனிப்பு தாகம் எடுக்கும். நான் யாரையும் பார்க்கவில்லை, மச்சானைத்தான் பார்த்தேன். இமைக்காமல் பார்த்தேன். அவர் நிதானமாக இலையை வழித்துத் தின்றுவிட்டு, "பாவாயி, இன்னொரு கரண்டி வைம்மா" என்றார்.

அந்த ஒரு கரண்டிக்கு நான் என் ரெண்டு ஏக்கரையும் எழுதிக்கொடுத்திருப்பேன்.

மறுநாள் மாட்டுப்பொங்கல். பானையை மாட்டுக்கு முன்னால் வைத்தால், அது அடியை நக்குகிறது, விளிம்பை நக்குகிறது, பானையைத் தள்ளிக்கொண்டே கட்டுத்தறியைச் சுற்றி வருகிறது. அந்த வழியாக மாரப்பன் வந்தார்.

"மனுசன் பொய் சொல்லுவான். மாடு சொல்லுமா மாரப்பா? எப்படி நக்குது பாருங்க" என்றேன்.

அவர் குனிந்து பானையைப் பார்த்தார். "மாடு உப்புக்கும்தான் இப்படி நக்குமுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். எனக்குச் சுருக்கென்றது. வெல்லத்தில் எங்கே இருந்து உப்பு வரும்? கிழவனுக்குக் கொப்பரைச் சூட்டில் மூளை காய்ந்துவிட்டது என்று விட்டுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் சமையலறைக்குள்ளே போனேன். பாவாயி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுவரில் எறும்புச் சாரை. வாசற்படியில் ஆரம்பித்து, மேடை மேலே ஏறி, மூடி இல்லாமல் திறந்து கிடந்த இந்தப் போசியை நோக்கி நேராக வருகிறது. வந்து, போசிக்கு ரெண்டு விரற்கடை முன்னால், ஏதோ பள்ளத்தைக் கண்டமாதிரி வளைந்து, அதைச் சுற்றிக்கொண்டு, சுவரில் ஏறி, அட்டாலிக்குப் போய், யூரியா சாக்குக்குள்ளே நுழைகிறது. ஒரு எறும்பு மட்டும் பிரிந்து வந்து போசியின் விளிம்பில் ஏறியது. எனக்கு உயிர் வந்தது. அது குனிந்து பார்த்துவிட்டு, மீசையைத் துடைத்துக்கொண்டு, ஓடிப்போய் வரிசையில் சேர்ந்துகொண்டது.

நாங்கள் ரெண்டு பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம். பாவாயி கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"எறும்புக்கு அண்ணன், வீட்டுக்காரன்னு ஒட்டு ஒறவு இல்லீங்க" என்றாள். அவ்வளவுதான். ஏணி போட்டு ஏறிச் சாக்கை இறக்கினாள்.

அப்போதுதான் பார்க்கிறேன், மேடை ஓரத்தில் ஒரு வட்டல் தட்டில் முந்தாநாள் பொங்கல். பாதி தின்றது. "இதை ஏன் இன்னும் வெச்சிருக்கறே?" என்று கேட்டேன். "மூணு நாளா நான் அதைத்தான் தின்னுட்டிருக்கறேன். நீங்க சோகை கட்டினதெல்லாம் பாத்தேனில்ல, குப்பைல கொட்ட மனசு வரலே" என்றாள். முப்பத்தொரு வருஷம் என் வெல்லத்தைத் தொடாதவள், நாக்கு உள்ளவள், உப்புப் பொங்கலை மூன்று நாள் தின்றிருக்கிறாள். ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேறு சோறு ஆக்கச் சோம்பலாக இருந்திருக்கும்.

நேராக மச்சான் காட்டுக்குப் போனேன்.

"ஏன் மச்சான் ரெண்டாவது கரண்டி கேட்டீங்க?"

"நீங்க என்னையே பாத்துட்டு இருந்தீங்களே மாப்ள. நான் வேற என்ன பண்றது?"

அங்கேயே வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். "உங்களை மாதிரி நானும் ஆட்டுப்புழுக்கையை நம்பியிருக்கணும். யூரியாவைத் தொட்டிருக்கவே கூடாது" என்றேன்.

"நானும் யூரியா போட்டனுங்களே" என்கிறார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீங்களா?"

"பட்டி போட்ட மண்ணு, அதனால கொஞ்சமாப் போட்டேன். மூணு மாசத்தோட நிறுத்திட்டேன். அதுக்கு மேல போட்டா அது வளந்துட்டே இருக்குமுங்க மாப்ள. இனிக்க அதுக்கு நேரம் ஏது?"

"இதை ஏன் மச்சான் எங்கிட்டச் சொல்லலே?"

"சொன்னனுங்க. நீங்க அப்பக் கரும்பு உசரத்துல இருந்தீங்க. கீழ இருந்து சொன்னது உங்களுக்கு எட்டலே."

அவ்வளவுதாங்க போன வருஷத்துக் கதை. பாவாயி ஒன்று சொன்னாள். "வெல்லம் நல்லா வந்தா நானே எடுத்துப் போடறேன். நீங்க ஏணி ஏற வேண்டாம்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இந்த வருஷம் பாடுபட்டேன். பழைய கரும்பு வேர்க்கட்டையை உழுது எடுத்தேன். ஆட்டுப்பட்டி போட்டேன், எரு அடித்தேன். என் தோட்டமும் நாறியது. யூரியா அளவாக, மூன்று மாசம். அதற்கு மேல் கை அரிக்கும் என்று எனக்கே தெரியும். அதனால் உர மூட்டை இருக்கிற சாளைச் சாவியை மச்சானிடம் கொடுத்துவிட்டேன். கார்த்திகையில் மஞ்சள் ஓடினபோது மூன்று தடவை அவர் வீட்டுக்குப் போய், மண்வெட்டி எடுக்கணும், சாவி கொடுங்க என்று கேட்டேன். மூன்று தடவையும் அவரே கூட வந்து மண்வெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போனார். இப்போது என் வீட்டில் மூன்று மண்வெட்டி.

கரும்பு குட்டைதான். வண்டியும் குறைவு. எருமை உள்ளே போனால் அதன் முதுகு வெளியே தெரிகிறது. ஆனால் மாரப்பன் தண்ணீரில் விட்ட சொட்டு, முதல் தடவையிலேயே உருண்டுகொண்டு நின்றது. குறைந்த சாற்றில் நிறைய வெல்லம். பாருங்க, திறக்கிறேன். உருண்டை. நேற்று வைத்த இடத்திலேயே இருக்கிறது, எங்கேயும் நடந்து போகவில்லை.

பாவாயி இப்போது தாராபுரத்தில், மகள் சரசு வீட்டில் இருக்கிறாள். பேத்தி பிறந்து இருபது நாள். நாளை மறுநாள் பொங்கல் அங்கேதான். மச்சானுடைய சீர் நேற்றே போய்விட்டது, கூடையோடு. நான் இதைக் கொண்டுபோகிறேன். ரெண்டும் அவள் முன்னால் இருக்கும். அவள் எதை எடுப்பாள்?

இதில் என்ன சங்கடம் என்றால், இது நன்றாக இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. கண்ணை நம்ப மாட்டேன், போன வருஷம் கண்தான் என்னைக் கவிழ்த்தது. மாரப்பன் நல்ல பதம் என்றார், அவர் பதத்தைச் சொல்வார், ருசியைச் சொல்ல மாட்டார். தண்டபாணி தின்றுவிட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, ஆனால் போனில் பேசிக்கொண்டே தின்றான், அவன் அப்போது மண்ணாங்கட்டியையும் தின்பான். மச்சானிடம் கொடுத்தேன். அவர் தின்றுவிட்டு இன்னொரு துண்டு கேட்டார். அதிலேதான் எனக்குச் சந்தேகமே வந்தது.

எறும்பை வைத்துப் பார்க்கலாமே என்பீங்க. எங்கள் மருமகள் மருந்துச் சாக்பீஸால் வீட்டைச் சுற்றிக் கோடு போட்டுவிட்டாள். எறும்பெல்லாம் ஊரைக் காலிபண்ணிப் போய்விட்டன. வேண்டும்போது ஒன்றும் கிடைக்காது.

அதனால்தாங்க உங்களைப் பிடித்தேன். நான் உங்களுக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. இறங்கினால் நீங்கள் யாரோ, நான் யாரோ. இந்தாங்க, இந்தத் துண்டு. வாயில் போடுங்க. உடனே ஒன்றும் சொல்ல வேண்டாம். நான் உங்கள் மூஞ்சியைப் பார்க்கவும் மாட்டேன், பார்த்தால் மனுஷனுக்குப் பொய் வந்துவிடுகிறது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

தென்னந்தோப்பு போகிறது. அங்கே பாருங்க, யாரோ மக்காச்சோளம் போட்டிருக்கிறார்கள். இல்லை, நீங்கள் பார்க்க வேண்டாம், நீங்கள் தின்னுங்க.

ஊர் வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்குள்ளே திரும்புகிறான். முடிந்ததுங்களா? திரும்பலாமா?

என்னங்க, இன்னொரு துண்டா? ஐயோ, நீங்களுமா? எடுத்துக்குங்க, போசியில் இருக்கிறது. எடுத்துக்குங்க. மச்சானும் இப்படித்தான் கேட்டார். சரி, என் தலையெழுத்து.

அது என்னங்க, டிக்கெட்டில் மடிக்கிறீங்க? வாயில் போடவில்லையா? சட்டைப் பைக்குள்ளே எதற்கு?

பாப்பாவுக்கா. வீட்டுக்கா.

இருங்க, கொஞ்சம் இருங்க, கண்டக்டர் விசில் ஊதட்டும், எல்லோரும் இறங்கட்டும். மச்சான் ரெண்டாவது கரண்டி கேட்டாரே தவிர, வீட்டுக்குக் கொஞ்சம் கொடு என்று கேட்கவில்லைங்க. தங்கச்சி வீட்டில் உட்கார்ந்து எதையும் தின்றுவிடலாம், தன் பிள்ளைக்கு யாரும் உப்பைக் கட்டிக்கொண்டு போகமாட்டான். எறும்பும் அப்படித்தான். அது நின்று ருசி பார்த்துக்கொண்டிருக்காது, வீட்டுக்குத் தூக்கும்.

இந்தாங்க, டிக்கெட்டு பத்தாது, இந்தத் துண்டுத்தாளில் இன்னும் ரெண்டு வைத்துக்கொள்ளுங்க. மூட்டையை மறந்துவிடாதீங்க. அதை எப்போது நிறுத்தணும் என்றால், சரி, சரி, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றுதானே சொன்னேன்.

போதும்ங்க, மூடியைக் கொடுங்க. மிச்சம் பானைக்கு வேணும்.